சின்னத் தொழில் நடத்துபவர்களுக்கு: ஊழியர் மருத்துவக் காப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் லேத் பட்டறைகள், பம்ப் உதிரிபாக யூனிட்கள், இரண்டு மூன்று சிறிய ஃபவுண்டரிகள், ஒரு மென்பொருள் அலுவலகம் என்று பலருக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இன்சூரன்ஸ் விற்பதில்லை. ஆனாலும் வரியைப் பற்றிக் கேட்க வருபவர்கள் கிளம்பும்போது இதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

இ.எஸ்.ஐ., குரூப் மெடிக்ளைம், முதலமைச்சர் காப்பீடு எல்லாம் ஒண்ணுதானுங்களா?

மூன்றும் வேறு வேறு. இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) என்பது 1948-இல் வந்த சட்டத்தில் தொடங்கியது, மத்திய அரசின் கழகம் நடத்துவது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் இருந்தால் முதலாளிக்கு அது கட்டாயம். குரூப் மெடிக்ளைம் என்பது ஊழியர்களுக்குச் சேர்த்து ஒரே மருத்துவ பாலிசியாக, நீங்களாக ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்குவது. வாங்காவிட்டால் சாதாரணக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். (2020 கொரோனா ஊரடங்கில் மட்டும், ஆலையைத் திறக்க வேண்டுமென்றால் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் நிபந்தனை போட்டது. பல பட்டறைகள் முதன்முதலாக பாலிசி எடுத்தது அப்போதுதான்.)

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முதலாளிக்கு வேலையே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அரசு தருவது அது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினாலே ஆண்டுக் கணக்கு அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால் “அவங்க கிட்டதான் கார்டு இருக்கே” என்று அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எங்க பட்டறைல எட்டுப் பேர்தான். எங்களுக்கும் இ.எஸ்.ஐ. கட்டாயமா?

10 பேர் என்பதுதான் கோடு. ஆனால் எண்ணும் விதத்தில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சம்பளம் அதிகம் வாங்கும் சூப்பர்வைசரும் எண்ணிக்கையில் வருவார். தினக்கூலி, பீஸ் ரேட், காண்ட்ராக்டர் மூலம் வந்து உங்கள் கூரைக்குக் கீழே வேலை செய்பவர் எல்லோரும் வருவார்கள். “ரோல்ல எட்டுப் பேர்தான்” என்று சொல்லும் பட்டறையில் பெரும்பாலும் பன்னிரண்டு பேர் நிற்பார்கள்.

ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால், அப்புறம் ஆள் ஏழாகக் குறைந்தாலும் சட்டம் தொடரும். உண்மையிலேயே 10 பேருக்குக் கீழே இருப்பவர்களும், முதலாளியும் பெரும்பாலான ஊழியர்களும் ஒத்துக்கொண்டால், தாமாகச் சேர 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இடம் இருக்கிறது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

யாருக்கெல்லாம் பிடிக்கணும், எவ்வளவு பிடிக்கணும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை. முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். 2019 ஜூலைக்கு முன்னால் இது 4.75, 1.75 என்று இருந்தது. பழைய கணக்கையே மனதில் வைத்துக்கொண்டு “இ.எஸ்.ஐ. கட்டுப்படி ஆகாது” என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

18,000 ரூபாய் சம்பளத்துக்கு நீங்கள் 585, அவர் 135. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உங்கள் பங்கையும் சேர்த்து அவர் சம்பளத்தில் பிடிப்பது சட்ட விரோதம்.

எது சம்பளம் என்பதற்கான வரையறை புதிய தொகுப்பில் மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்றவை கணக்கில் வராது. ஆனால் அப்படி விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மறுபடியும் சம்பளத்தில் சேரும். இதனால் கையில் 24,000 வாங்கும் ஒருவர் கணக்கில் 18,000 சம்பளக்காரராகி உள்ளே வந்துவிடலாம். உங்கள் சம்பளப் பட்டியலை ஒருமுறை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு யாருமே போறதில்லை. அதுக்கு எதுக்குங்க தண்டமா கட்டணும்?

இந்தக் கேள்வியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி வரிசையில் நிற்க யாருக்கும் பொறுமை இல்லை, உண்மைதான். ஆனால் பெரிய நோய் வரும்போது கதை வேறு. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே முடியாததற்கு இணைப்பில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இத்தனை லட்சத்தோடு நிற்கும் என்ற கணக்கும் வயதுக்கு ஏற்ற பிரீமியமும் அங்கே கிடையாது. ஊழியரைச் சார்ந்திருக்கும், வருமானம் குறைந்த பெற்றோருக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவது மட்டும்தான் மெடிக்ளைம். படுத்திருக்கும் நாட்களின் சம்பளத்தை அது தராது. இ.எஸ்.ஐ. தரும்: நோய் விடுப்புக்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். விபத்தில் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம். எந்தத் தனியார் குரூப் பாலிசியிலும் இது முழுசாகக் கிடையாது.

அப்ப இ.எஸ்.ஐ. இருக்கறவங்களுக்கு குரூப் பாலிசியும் எடுக்கலாமா?

எடுக்கலாம், தடை இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ.க்குப் பதிலாக எடுக்க முடியாது. “நாங்க தனியார்ல நல்ல பாலிசி போட்டிருக்கோம், அதனால இ.எஸ்.ஐ. கட்டலை” என்று சொன்னால் ஆய்வாளர் பாக்கியை வட்டியோடு கேட்பார்.

எதையும் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதி, வயது, சம்பளம், குடும்பத்தில் எத்தனை பேர் என்று குறியுங்கள். 21,000 கோட்டை நடுவில் போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு எதுவுமே இல்லை, குரூப் பாலிசி முதலில் அவர்களுக்குத்தான் தேவை. பணம் மிஞ்சினால் கீழே இருப்பவர்களுக்கும் சின்னத் தொகையில் போடலாம். இந்தத் தாள் இல்லாமல் ஏஜென்டிடம் பேச உட்கார்ந்தால், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார்.

குரூப்னு சொல்ல எத்தனை பேர் வேணும்?

சந்தையில் வழக்கமான குறைந்தபட்சம் 7 பேர். சில நிறுவனங்கள் 10, 15, 20 என்று கேட்கும். இந்த எண்ணிக்கை ஊழியர் மட்டுமா, குடும்பத்தாரையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஆளாளுக்குத் தனி பாலிசி எடுத்துக் கொடுத்துட்டா என்ன? அதுக்கு ஜி.எஸ்.டி. கூட இல்லையாமே!

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. சட்டப்படி கட்டாயமில்லாத காப்பீடு என்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் முடியாது. பிரீமியம் 1,00,000 என்றால் உங்கள் செலவு 1,18,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் தனி பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கிறது. முதல் 30 நாள் விபத்து தவிர எதுவும் இல்லை. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற பட்டியல் நோய்களுக்கு பெரும்பாலும் 24 மாதம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் தொடர்பானவற்றுக்கு 36 மாதம் வரை. 50 வயது டர்னருக்கு சர்க்கரை இருந்தால் தனி பாலிசி கிடைப்பதே கஷ்டம். குரூப்பில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பை எல்லாம் முதல் நாளிலிருந்தே தள்ளுபடி செய்து தருவார்கள், மருத்துவப் பரிசோதனையும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். குரூப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான். மொத்த ஆளே நான்கு பேர், எல்லோரும் முப்பதுக்குள், நோய் எதுவும் இல்லை என்றால் தனி பாலிசியே சரி.

எத்தனை லட்சத்துக்கு எடுக்கறது? 3 போதுமா, 5 வேணுமா?

எல்லோரும் இந்த எண்ணையே பார்க்கிறார்கள். நான் முதலில் ரூம் வாடகை வரம்பைப் பார்ப்பேன். “காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்” என்று இருந்தால், 3 லட்சம் பாலிசியில் நாளுக்கு 3,000 ரூபாய் ரூம்தான் உங்களுக்கு. 6,000 ரூபாய் ரூமில் படுத்தால் மிச்ச 3,000-ஐ நாம் கட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணம், தியேட்டர் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஐந்து நாள், நாளுக்கு 6,000 வீதம் ரூம் 30,000. டாக்டர், அறுவை, தியேட்டர் 1,00,000. மருந்து, பரிசோதனை 50,000. மொத்தம் 1,80,000. ரூமில் பாதி கிடைக்கும், 15,000. அறுவைக் கட்டணத்திலும் பாதி, 50,000. மருந்தையும் பரிசோதனையையும் இப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருப்பதால் அந்த 50,000 முழுசாகக் கிடைக்கும். ஆக 1,15,000 வரும், 65,000 ஊழியர் கையிலிருந்து போகும். அவர் வைத்திருப்பது 3 லட்சம் பாலிசி, பில்லோ 2 லட்சம்கூட இல்லை.

அதனால் ரூம் வரம்பு இல்லாத, அல்லது “தனி ஏசி அறை” என்று எழுதிய 3 லட்சம் பாலிசி, 1 சதவீத வரம்புள்ள 5 லட்சம் பாலிசியைவிட மேல் என்பது என் கருத்து. இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். கோவை மருத்துவமனைகளில் நம் ஆட்கள் வழக்கமாகப் போகும் இரண்டிலாவது ரூம் வாடகையை விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

மூணு கொட்டேஷன் வந்திருக்கு. பிரீமியம் தவிர வேற என்ன பார்க்கறது?

ரூம் வாடகையை மேலே சொல்லிவிட்டேன். அடுத்து, முன்பே உள்ள நோய்கள் முதல் நாளிலிருந்தே உண்டா என்று பாருங்கள். கோ-பே இருக்கிறதா? 10 சதவீதம் கோ-பே என்றால் ஒவ்வொரு க்ளெய்மிலும் பத்தில் ஒரு பங்கு ஊழியர் தலையில். கண்புரை, சிறுநீரகக் கல், பித்தப்பை என்று நோய் நோயாக உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா? அது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

மகப்பேறு வேண்டுமா என்பது உங்கள் தாளைப் பார்த்தால் தெரியும். இளம் ஆட்கள் அதிகம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். எல்லோரும் 45 தாண்டியவர்கள் என்றால் அந்தக் காசை ரூம் வரம்பை எடுக்கப் பயன்படுத்தலாம். கையுறை, முகக்கவசம் போன்ற 68 பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவற்றை வழக்கமாகத் தர மாட்டார்கள். அதையும் சேர்த்துத் தரும் கூடுதல் பிரிவு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆளுங்க அப்பா அம்மாவையும் சேர்க்கச் சொல்றாங்க. சேர்க்கலாமா?

பிரீமியம் எகிறுவது இங்கேதான். 65 வயதுப் பெற்றோர் இருவரைச் சேர்த்தால், ஊழியர், மனைவி, இரண்டு குழந்தைகளுக்கு ஆகும் தொகையைவிட அவர்கள் இருவருக்கு அதிகம் ஆகும். அடுத்த ஆண்டு க்ளெய்ம் கணக்கும் ஏறும்.

நடைமுறையில் ஓடும் வழி, பெற்றோரைத் தனிப் பட்டியலாக வைத்து, விரும்பும் ஊழியர் அந்தப் பிரீமியத்தைத் தானே கட்டுவது. 20 சதவீதம் கோ-பே ஒத்துக்கொண்டால் விலை இறங்கும். ஆனால் நோயாளிப் பெற்றோர் உள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் கண்டுகொள்ளும். குறைந்தது இத்தனை பேர் சேர வேண்டும் என்று நிபந்தனை போடும். பெற்றோரை நடு ஆண்டில் சேர்க்கவும் விடமாட்டார்கள். புது மனைவி, பிறந்த குழந்தைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, அதுவும் பெரும்பாலும் 30 நாளுக்குள் சொன்னால்.

முதலாளி நானும் வீட்டுக்காரம்மாவும் இதுல சேரலாமா?

இ.எஸ்.ஐ.யில் உரிமையாளருக்கும் பங்குதாரருக்கும் இடமில்லை. குரூப் பாலிசியில் பெரும்பாலான நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும், எழுத்தில் வாங்கிவிடுங்கள். தனி உரிமையாளர் என்றால் உங்கள் சொந்தப் பங்கை வியாபாரச் செலவில் எழுத முடியாது.

என் யோசனை: குரூப்பில் இருந்தாலும் தனியாகக் குடும்ப பாலிசி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை மூடினால் குரூப்பும் போய்விடும். அறுபது வயதில் புதிதாக வாங்கப் போனால் சுலபமில்லை.

ஏஜென்ட் கிட்ட போறதா, புரோக்கர் கிட்டயா?

ஏஜென்ட் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். புரோக்கர் சட்டப்படி உங்கள் சார்பில் நிற்க வேண்டியவர், பல நிறுவனங்களின் விலையைக் காட்ட முடியும். இருவருக்கும் கமிஷன் நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது, உங்களிடம் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். இருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணினா யார் எடுப்பாங்க?” அதற்குத் தெளிவான பதில் தருபவரிடம் கொடுங்கள். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள்.

பிரீமியத்துல பாதியை சம்பளத்துல பிடிக்கலாமா? வரியில என்ன கிடைக்கும்?

குரூப் பாலிசி என்றால் ஊழியர் சம்மதத்தோடு பிடிக்கலாம், சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். இ.எஸ்.ஐ. கணக்கு வேறு, அதை மேலே சொல்லிவிட்டேன்.

ஊழியருக்காக நீங்கள் கட்டும் பிரீமியம் வியாபாரச் செலவு. ரொக்கமாகக் கட்டக் கூடாது, செக் அல்லது வங்கி வழியாக மட்டும். அந்தத் தொகை ஊழியரின் வருமானமாகவும் சேராது. அவர் தன் சம்பளத்திலிருந்து கட்டிய பங்குக்கு மட்டும், பழைய வரி முறையில் இருந்தால், கழிவு கேட்கலாம்.

நடுவுல ஆள் சேர்ந்தா, நின்னா என்ன பண்றது?

மாதா மாதம் சேர்த்தல், நீக்கல் பட்டியலை அனுப்ப வேண்டும். இதை எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். புதியவருக்கான பிரீமியம் முன்கூட்டியே நிறுவனத்திடம் இருக்க வேண்டும், பணம் வராமல் காப்பீடு தொடங்கக் கூடாது என்பது 1938 காப்பீட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்காக சி.டி. பேலன்ஸ் என்று ஒரு முன்பணக் கணக்கு வைப்பார்கள். அது காலியாக இருக்கும்போது நீங்கள் பெயரை மெயிலில் அனுப்பி வைத்து நிம்மதியாக இருப்பீர்கள், அந்த ஆளுக்கோ காப்பீடு தொடங்கியே இருக்காது. மாதம் ஒருமுறை அந்த இருப்பைக் கேளுங்கள்.

நின்றவர் க்ளெய்ம் எதுவும் எடுக்காமல் இருந்தால் மிச்ச மாதங்களுக்கான பிரீமியம் திரும்ப வரும். போகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அதே நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம், இங்கே இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழியும். வேலையை விட்டதும் கேட்க வேண்டும், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நடக்காது.

ராத்திரி 11 மணிக்கு ஆளை அட்மிட் பண்ணிட்டாங்க. முதல்ல என்ன பண்ணணும்?

மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் இ-கார்டும் ஆதாரும் கொடுக்கச் சொல்லுங்கள். முன் அனுமதிப் படிவத்தை அவர்களே டி.பி.ஏ.வுக்கு அனுப்புவார்கள். டி.பி.ஏ. என்பது க்ளெய்ம் வேலையைப் பார்க்கும் நடு நிறுவனம். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாத உத்தரவின்படி கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். தாமதமானால் இந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள்.

கேஷ்லெஸ் கிடைக்காத மருத்துவமனை என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மட்டும் கொடுத்துவிட்டு, கட்டி, அப்புறம் திரும்ப வாங்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டோடு மருந்துப் பில், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அசலாக வேண்டும். ஸ்டென்ட், பிளேட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர். இதற்கெல்லாம் முன்னால், எல்லோர் வாட்ஸ்அப்பிலும் இ-கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். வட மாநில ஆட்களுக்கு இந்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். கார்டு முதலாளி மேசை டிராயரில் கிடந்தால் அந்த நேரத்தில் பயனில்லை.

பாலிசில பிரசவச் செலவு இருக்கு. அப்ப பிரசவ லீவு சம்பளம் நாங்க தர வேண்டாமில்ல?

தர வேண்டும். ஆஸ்பத்திரி பில்லும் 26 வார விடுப்புச் சம்பளமும் வேறு வேறு. இ.எஸ்.ஐ.யில் உள்ள பெண்ணுக்கு, தகுதி நாட்கள் இருந்தால், சம்பளத்தையும் இ.எஸ்.ஐ.யே தரும். 21,000-க்கு மேல் வாங்கும் பெண்ணுக்கு, 10 பேர் உள்ள நிறுவனத்தில், அந்தச் சம்பளம் உங்கள் பொறுப்பு. எந்த குரூப் பாலிசியும் அதைத் தராது. “இ.எஸ்.ஐ. தண்டம்” என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

மெஷின்ல கை மாட்டினா மெடிக்ளைம் போதாதா?

போதாது. பில்லைக் கட்டும், போன விரலுக்கு இழப்பீடு தராது. இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு வேலை விபத்துப் பாதுகாப்பு சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு, இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. பதிவே செய்யாமல் வைத்திருந்த ஆளுக்கு அடிபட்டால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

அது எவ்வளவு இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 30 வயதுக்கான எண் 207.98. 7,500-ஐ அதால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்காக ஊழியர் இழப்பீட்டு பாலிசி ஒன்றும், குரூப் விபத்து பாலிசி ஒன்றும் எடுங்கள். மெடிக்ளைமோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை குறைவு.

சம்பளம் ஏத்தாதீங்க, இ.எஸ்.ஐ. போயிரும்னு ஆளே சொல்றாருங்க. என்ன பண்றது?

இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் வீட்டில் டயாலிசிஸ் செய்யும் அம்மாவையோ புற்றுநோய் சிகிச்சையில் உள்ள மனைவியையோ வைத்திருப்பார். அவருக்கு 1,500 ரூபாய் ஏற்றிக் கொடுத்து அந்தச் சிகிச்சையைப் பறிப்பது நியாயமில்லை, அவர் பயம் சரிதான்.

முதலில் புது வரையறைப்படி அவருடைய சம்பளம் உண்மையிலேயே 21,000-ஐத் தாண்டுகிறதா பாருங்கள். தாண்டினாலும் உடனே போகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டணக் காலம், அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினால் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. கட்டணக் காலத்தின் நடுவில் சம்பளம் ஏறினால் அந்தக் காலம் முடியும்வரை, ஏறிய சம்பளத்துக்கே, தொடர்ந்து கட்ட வேண்டும். ஆக ஏப்ரலில் ஏற்றினால் அவருக்குச் சிகிச்சை டிசம்பர் 31 வரைதான். மே மாதம் ஏற்றினால் அடுத்த ஜூன் 30 வரை. ஒரு மாதம் தள்ளிப்போட்டதில் ஆறு மாதம் கிடைக்கிறது.

அந்த அவகாசத்தில் அவர் குடும்பத்தை, முடிந்தால் பெற்றோரையும், குரூப் பாலிசியில் ஏற்றிவிடுங்கள். ஆனால் வாரம் மூன்று டயாலிசிஸுக்கு 3 லட்சம் ஆண்டு முழுக்க நிற்காது. அப்படிப்பட்டவர் உயர்வு வேண்டாம் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டி, முடிவை அவரிடமே விடுங்கள்.

ரினியூவல்ல பிரீமியம் ஒரேடியா ஏறிருச்சு. ஏமாத்தறாங்களா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் கட்டியது 1,50,000, அவர்கள் க்ளெய்முக்குக் கொடுத்தது 2,10,000 என்றால் க்ளெய்ம் விகிதம் 140 சதவீதம். சின்னக் குழுவில் ஒரே ஒரு இதய அறுவை போதும், இப்படி ஆக. இரண்டு மாதம் முன்னாலேயே க்ளெய்ம் விவர அறிக்கையை வாங்கி, ஒரே ஒரு பெரிய க்ளெய்மால் ஏறியதா, பலரும் அடிக்கடி படுத்ததால் ஏறியதா என்று பாருங்கள். முதலாவது என்றால் பேரம் பேசலாம், வேறு நிறுவனங்களிடமும் விலை கேட்கலாம். பாலிசி ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் தொடர வேண்டும்.

க்ளெய்மை நிராகரிச்சுட்டாங்க. யார்கிட்ட போறது?

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின் கீழ் என்று எண்ணோடு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். குரூப் பாலிசியில் உள்ள ஊழியரும் போகலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்ப் பிரிவான பீமா பரோசாவின் எண் 155255. அங்கே பதிவு செய்தாலே பாதி விஷயங்கள் நகர ஆரம்பிக்கும்.

ஒருத்தருக்கு கேன்சர். அவர் பேரை மட்டும் எடுத்துட்டா பிரீமியம் குறையும்னு சொல்றாங்க. செய்யலாமா?

செய்யாதீர்கள். குரூப் பாலிசியில் யார் உள்ளே, யார் வெளியே என்பதற்குப் பதவி, சம்பள நிலை போல எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இருக்க வேண்டும். மேனேஜர்களுக்கு 5 லட்சம், மற்றவர்களுக்கு 3 லட்சம் என்று வைக்கலாம். நோயைப் பார்த்து ஒருவரை மட்டும் நீக்குவது அந்த அடிப்படையையே உடைக்கும். அவர் புகார் கொடுத்தால் உங்களிடம் பதில் இருக்காது. அடுத்த நாளே மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

வேறு வழிகள் இருக்கின்றன. பெற்றோர் பட்டியலுக்குக் கோ-பே போடலாம், மகப்பேறு உச்சவரம்பைக் குறைக்கலாம், ஒரு பகுதியை ஊழியர்கள் பகிரலாம். கார்ப்பரேட் பஃபர் என்று பொதுவாக ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும் வசதி உங்கள் அளவுக்குக் கிடைக்குமா என்று புரோக்கரிடம் கேளுங்கள், தன் வரம்பு தீர்ந்தவர் அதிலிருந்து எடுக்கலாம். அந்த ஊழியர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தால் அவர் சிகிச்சையை அங்கே மாற்றிவிடுங்கள், தேவைப்பட்டால் ஒரு நாள் ஆளை அனுப்பி சிங்காநல்லூரில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக் கொடுங்கள்.